விமானிக்குத் துவக்கு கொடுக்கலாமா?

எங்க இரத்தினபுரி தோட்டப் பக்கம் ப்ளேன் என்றால் பெரும்பாலும் கட்டுநாயக்கா, குவைத், சவூதி. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களையும் அக்காக்களையும் அதில்தான் ஏற்றி அனுப்புறோம். அதனால் விமானி அறைக்குள்ள துவக்கு இருக்கணுமா என்கிற கேள்வியை அமெரிக்கக்காரங்க பிரச்சினை என்று எங்களால தள்ளிவிட முடியல.

முதலில் நம்ம நாட்டு ஆளின் கதையைப் பார்ப்போம். 1982 ஜூன் 30. டெல்லியிலிருந்து போன அலிதாலியா ஜம்போ விமானத்தை சேபால ஏக்கநாயக்க என்ற இலங்கையர் கடத்தினார். குண்டு இருக்கு, வெடிக்க வைப்பேன் என்றார். கேட்டது 3 லட்சம் டொலரும், இத்தாலியில் இருந்த மனைவியையும் மகனையும். விமானம் பாங்கொக்கில் நின்றது. பேச்சுவார்த்தை நடந்தது, மனைவியும் மகனும் வந்து சேர்ந்தாங்க, காசும் வந்தது. பயணிகள் உயிரோடு இறங்கினாங்க. கொழும்பு வந்தவரைச் சிலர் வீரன் மாதிரி வரவேற்றது தனி வெட்கக்கேடு. அவரைத் தண்டிக்க இங்கே சட்டமே இருக்கல. அதே வருஷம் ஒன்றை இயற்றி, பின்னோக்கிச் செல்லுபடியாக்கித்தான் வழக்குப் போட்டாங்க.

அந்த விமானி இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால்? குண்டு உண்மையா பொய்யா என்று தெரியாமல், 200-க்கும் மேற்பட்டவர்கள் நடுவில் சுட்டிருக்கணும். பொறுமையாகப் பேசினதுதான் அத்தனை பேரையும் காப்பாற்றியது.

மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தல்காரர்கள் சின்னக் கத்திகளோடுதான் விமானி அறைகளுக்குள் புகுந்தாங்க. கதவு உடைந்தால் கடைசியாக ஒரு ஆயுதம் வேணும் என்று விமானிகள் கேட்டதில் பிழையில்லை. 2002-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்து, விரும்பிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்துத் துவக்கும் கொடுத்தது. 2008 மார்ச்சில் சார்லட் நகரில் இறங்கப் போன விமானத்தில், விமானி அதை எடுத்து வைக்கும்போது தானாக வெடித்து விமானத்தின் பக்கச் சுவரைத் துளைத்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

இன்னொன்று எங்க சபரகமுவைக்குத் தெரியும். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலையும் கொதித்தது. கிளர்ச்சிக்காரங்க வீடு வீடாகப் போய், பாதுகாப்புக்கென்று லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த துவக்குகளை வாங்கிக்கிட்டுப் போனாங்க. வைத்திருந்தவர் யாரைக் காக்க நினைச்சாரோ, அவங்களுக்கு எதிராகவே அது திரும்பலாம். விமானி அறை நம்ம லயத்துக் காம்பராவை விடச் சின்னது. அதற்குள்ள பறிகொடுத்தால் எங்கே ஓடுறது?

ஆபத்து உள்ளேயிருந்தும் வரும். 2015-ல் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி பூட்டிய கதவுக்குள் தனியாக இருந்து விமானத்தை மலையில் மோதினார். 150 பேர் இறந்தாங்க. 2001-க்குப் பிறகு பலப்படுத்திய அதே கதவுதான் தலைமை விமானியை வெளியே நிறுத்தியது. கதவு வேண்டாம் என்று நாங்க சொல்லல. ஆனால் அந்த அறைக்குள்ள துவக்கையும் வைக்கிறதுக்கு முன்னால் இதை யோசிக்கணும்.

1986 மே 3, கட்டுநாயக்காவில் மாலைதீவுக்குப் புறப்பட இருந்த எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானம் தரையிலேயே குண்டு வெடித்து இரண்டாகப் பிளந்தது. 21 பேர் செத்தாங்க. குண்டு இருந்தது பின்பக்கத்தில், சாமான்களோடு. விமானிக்கு எந்தப் பயிற்சி கொடுத்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஏற்றுகிற சாமானைச் சரியாகப் பார்த்திருந்தால் முடிஞ்சிருக்கும். பயிற்சிக்கு ஒதுக்கக் காசு இருந்தால் அது முதலில் போகவேண்டியது அந்த இடத்துக்குத்தான்.