டிஜிட்டல் அறிவிப்புத் திரை

டிஜிட்டல் அறிவிப்புத் திரை என்பது கடை, உணவகம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் விலைப்பட்டியல், விளம்பரம், டோக்கன் எண், வண்டி நேரம் ஆகியவற்றைக் காட்டும் மின்னணுப் பலகை. முதல்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் அங்குலத்தையும் விலையையும் மட்டுமே விசாரிக்கிறார்கள். படத்தை அனுப்பும் பிளேயர், எது எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை போடும் மென்பொருள், இணைய இணைப்பு ஆகியவையும் இதன் உறுப்புகளே. இவற்றைவிட முக்கியம், விலை மாறிய அன்றே திரையிலும் மாற்றிவிடும் பொறுப்பான ஓர் ஆள். அப்படி ஒருவர் இல்லாத கடைக்கு அச்சிட்ட பலகையே போதும்.

வீட்டு டிவியை மாட்டிச் சமாளிக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சாதாரண டிவியின் வெளிச்சம் பொதுவாக 250 முதல் 350 நிட் வரை இருக்கும். நிழலான அறைக்கு அது போதும். வெயில் விழும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஒன்றும் தெரியாது. அங்கே 2,500 நிட் அளவிலான திரை வேண்டும். வெயிலில் சூடேறும் சாதாரண எல்.சி.டி. திரையில் கரும்படலம் பரவுவதும் உண்டு. திரவப் படிகம் வெப்பத்தில் தன் ஒழுங்கை இழப்பதே காரணம். வணிகத் திரைகள் நாளுக்கு 16 மணி நேரம் அல்லது 24 மணி நேரமும் ஓடுவதற்கென்று தயாரிக்கப்படுகின்றன. வீட்டு டிவியைக் கடையில் மாட்டினால் வாரண்டி செல்லாமல் போகலாம். செங்குத்தாகத் திருப்பி மாட்டவும் பல டிவிகள் ஏற்றவை அல்ல.

ஒரே ஒரு திரைக்குப் பென் டிரைவே போதும். கிளைகள் கூடும்போதுதான் மென்பொருளின் அருமை தெரியும். அதற்குப் பெரும்பாலும் ஒரு திரைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். ஸிபோ போன்ற திறமூல மென்பொருள்களும் உண்டு. அவற்றை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர் வேண்டும். இணையம் அறுந்தாலும் பிளேயர் தன்னிடம் சேமித்ததை ஓட்டுமா, மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்குமா என்பதை நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துரு இல்லாத பிளேயரில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டத் தெரியாத பிளேயரில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். ஆகவே விற்பவரின் மாதிரி வீடியோவைப் பார்த்து மயங்காமல், நம் விலைப்பட்டியலையே ஓட்டிக் காட்டச் சொல்வது நல்லது.

தெருவை நோக்கிய பலகைகள் பெரும்பாலும் எல்.இ.டி. திரைகளே. பி10 என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி; இதைப் பிட்ச் என்பார்கள். 3.2 மீட்டர் அகலப் பலகையில்கூடக் குறுக்கே 320 புள்ளிகள்தான். பலகையில் அடுக்கும் வழக்கமான ஒரு பி10 தகடு 16 புள்ளி உயரம். அதில் 'பூ' என்று எழுதினால் கீழிறங்கும் சுழிக்கும் இடம் விட வேண்டும்; எழுத்தின் உடல் நசுங்கிவிடும். தமிழுக்கு இரண்டு வரிசைத் தகடுகள் வைத்தால்தான் படிக்க வசதி. பிட்ச் எத்தனை மில்லிமீட்டரோ, குறைந்தது அத்தனை மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. பணம் கட்டுமுன் உள்ளாட்சி அனுமதியை விசாரித்துவிட வேண்டும். உபரித் தகடுகளையும் அதே கொள்முதலில் வாங்குவது நல்லது. வேறு தொகுப்பில் செய்த தகட்டைப் பிறகு பொருத்தினால், அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் தெரியக்கூடும்.