உப்பில் ஏறி வரும் சிவப்பு

கோடை வெயிலில் மரக்காணம் உப்பளத்துப் பாத்தியில் நீர் சுண்டிச் சுண்டி, நீரின் அடர்த்தியை அளக்கும் பூமே மானியில் 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். அந்தச் சமயத்தில் நீரில் மெல்லிய செம்மை படர்வதுண்டு. அந்த நிறத்துக்கு உயிர் இருக்கிறது. மற்ற பெரும்பாலான உயிர்கள் கருகிப்போகும் உப்புச் செறிவில் செழித்து வளரும் ஹாலோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள், வெயிலைத் தாங்குவதற்காகப் பாக்டீரியோரூபெரின் என்ற செந்நிறமியை உடலில் வைத்திருக்கின்றன. உப்பு மணியாக இறுகும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும் துளி நீரில் அவையும் அடைபட்டுவிடும். வாரிக் குவித்த உப்போ வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும்.

மரக்காணத்திலிருந்து தெற்கே கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு என்று நீளும் கடற்கரையிலோ வேறு எங்கோ, அப்படிப்பட்ட உப்பு மீன்மேல் விழும்போது சிவப்பின் அடுத்த பயணம் தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியும். அடைபட்டிருந்த உயிர் விழித்துக்கொள்ளும். மீனின் புரதம் அதற்கு விருந்து. கருவாட்டில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றி, பிசுபிசுத்து, வாடை மாறும். வியாபாரி ஒதுக்கிவிட்டால் நட்டம் காயவைத்த பெண்ணின் தலையில்தான் விழுகிறது. உப்பு விளைந்த பாத்தியை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

இதை முதலில் துப்பறிந்தது அமெரிக்காவில். மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் உப்பிட்ட காட் மீன் கோடையில் சிவந்ததை ஆராய்ந்த தாவரவியலாளர் வில்லியம் ஃபார்லோ, ஸ்பெயினின் காடிஸ் நகரத்து உப்போடு அது வந்ததாக 1880இல் எழுதினார். 1922இல் கனடாவில் ஹாரிசனும் கென்னடியும் அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். நம் நாட்டில் கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், உப்போடு கால்சியம் புரோபியோனேட் கலந்து தூவச் சொல்கிறது. மருந்து இருக்கிறது. உப்பில் நோய் இருப்பதை முன்கூட்டியே அறிவதுதான் கடினம். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

கேமரா உதவக்கூடியது இங்கேதான். அந்த நிறமி 490 முதல் 530 நானோமீட்டர் வரையிலான ஒளியை, அதாவது பச்சையைச் சார்ந்த பகுதியை, விழுங்கிக்கொள்கிறது. எனவே புகைப்படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பின் அளவைப் பச்சையின் அளவால் வகுத்தால், கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் எண்ணில் தெரியும். குவியலிலிருந்து ஒரு பிடி உப்பெடுத்து, ஊட்டச்சத்து கலந்த அடர்த்தியான உப்புநீரில் கரைக்க வேண்டும்; வெறும் தண்ணீரில் இந்த உயிர்கள் வெடித்துச் செத்துவிடும். அதைச் சூட்டில் வைத்து, ஒரே விளக்கின் கீழ், பக்கத்தில் வெள்ளை அட்டை வைத்து அன்றாடம் படமெடுக்க வேண்டும். உப்பில் கலந்த செம்மண்ணும் சிவப்புதான், ஆனால் மண் வளராது. நாளுக்கு நாள் எண் ஏறினால் அது உயிர்.

இதற்கும் எல்லை உண்டு. மீனில் ஹிஸ்டமின் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு இப்படி ஒரு நிறம் கிடையாது. அவற்றைப் பொறுத்தவரை இந்தப் படம் ஊமை. உடலுக்குக் கெடுதல் செய்வதில் அவைதான் மோசமானவை. அதனால் படத்தில் தேறிய உப்பு என்பதற்காக மீனை ஐஸில் வைப்பதிலோ நன்றாகக் காயவைப்பதிலோ குறை வைக்கக் கூடாது.

இந்தச் சோதனை நடக்க வேண்டியது உப்புக் குவியலில். கருவாட்டுக் கூடையில் நடந்தால் காலம் கடந்திருக்கும். எண் ஏறிய குவியலைத் தோல் மண்டிகளுக்கும் தள்ளிவிட முடியாது. உப்பிட்ட பச்சைத்தோலையும் இதே சிவப்பு கெடுக்கும். அந்தக் குவியல் காஸ்டிக் சோடா ஆலைக்குப் போகட்டும்.