தெருவில் பிறந்த தோழன்

தாம்பரத்தில் நான் கல்லூரி மாணவனாக இருந்த காலத்தில், எங்கள் விடுதி வாயிலில் நாய் ஒன்று கிடக்கும். செம்பழுப்பு உடல், வளைந்த வால், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். அதன் தாய் தந்தையை எவரும் அறியார். மணி என்று அதற்குப் பெயரிட்டோம். அவ்வாண்டு அண்டை வீட்டார் ஒருவர் பெரும்பொருள் கொடுத்து, அடர்ந்த மயிருடைய சீமை நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தார். கத்திரி வெயில் வந்ததும் அக்குட்டி மூச்சிரைத்து வாடியது. மணியோ வேப்பமர நிழலில் மண்ணைப் பறித்துப் படுத்திருந்து, மாலையில் துள்ளி எழுந்தது. ‘உயர்ந்த சாதி நாய்’ என்பதன் பொருள்தான் யாது என்ற வினா அன்று என் உள்ளத்தில் எழுந்தது.

மாணவ நேயர்களே! நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இன்று நாம் காணும் சீமை இனங்களிற் பலவற்றின் வரையறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்ததே. 1873ஆம் ஆண்டு இலண்டனில் கென்னல் கிளப் என்னும் நாய்க் கழகம் தோன்றியது. நாய்களின் வம்சாவளி ஏட்டில் ஏறியது. ஒரே தோற்றம் வேண்டி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தனர். அழகு நிலைத்தது, அதனோடு நோயும் நிலைத்தது. பெற்றோர் இருவரிடமும் மறைந்து கிடக்கும் பழுதான மரபணு குட்டியிடம் ஒன்றுகூடினால், நோய் வெளிப்படும். உறவு நெருங்க நெருங்க அந்த வாய்ப்பு மிகும் அன்றோ?

நம் ஊருக்கு வருவோம். பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலேயர் படைவீடு அமைத்திருந்தனர். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது; வழியெங்கும் குடியிருப்புகள் பெருகின. வந்தேறிய சீமை நாய்களின் குருதி ஊர் நாய்களோடு கலந்திருக்கும் எனக் கருதலாம். ஆயினும் நம் தெருநாய்கள் யாவும் கலப்பினம் அல்ல. எவரும் தேர்ந்து வளர்க்காமல், நம் வெயிலும் மழையுமே தேர்ந்தெடுத்த தொன்மையான நாட்டு நாய்களும் அவற்றுள் உண்டு.

கலப்பின நாய்க்கு நோயே வராது என்று சொல்வார் உளர். அது மிகை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 27,000க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த 24 மரபுக் கோளாறுகளில் 10, தூய இன நாய்களிடையே மிகுதியாக இருந்தன. 13இல் வேறுபாடு இல்லை. ஒன்று கலப்பின நாய்களிடம் மிகுந்திருந்தது. தொற்றுநோய்களோ குலம் பார்ப்பதில்லை. ஆகவே தடுப்பூசி எல்லா நாய்க்கும் இன்றியமையாதது.

உரத்தின் பெருமைக்கும் சான்று உண்டு. 1957 நவம்பர் 3ஆம் நாள் விண்ணில் ஏறிய லைக்கா, மாஸ்கோ தெருவில் திரிந்த கலப்பின நாய். குளிரும் பசியும் தாங்கிப் பழகியது என்பதாலேயே அதைத் தேர்ந்தனர். விண்கலத்தின் வெப்பத்தால் சில மணி நேரத்திலேயே அது மாண்டது. வலிமை கண்டு தேர்ந்த மனிதன், அது திரும்பி வர வழி செய்யவில்லை!

நம்மிடமும் குறை உண்டு. சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆயினும் நாய்கள் குறையவில்லை. காலியான இடத்திற்கு வேறு நாய்கள் வந்தன. விமானி வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பினர், கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடுவதே வழி என்று 1960களிலேயே வலியுறுத்தினர். 1996இல் மாநகராட்சி அதனை மேற்கொண்டது. 2001இல் நாடு முழுமைக்கும் விதி பிறந்தது.

அம்மாற்றம் மணிக்குப் பயன்படவில்லை. அதற்கு முன்பே, நாய்வண்டி வந்து சென்ற மறுநாள், வேப்பமரத்தடி வெறுமையாய்க் கிடந்தது. சோறிட்ட நாங்கள், அதற்கு ஓர் ஊசி போடவோ, கழுத்துப்பட்டை ஒன்று கட்டவோ முயன்றோமில்லை. எங்கள் அன்பு வாயளவில் நின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

இளைஞர்களே! வீட்டில் நாய் வளர்க்க விரும்பினால், விலை கேட்பதற்கு முன் உங்கள் தெருவைப் பாருங்கள். குட்டியை ஏற்றால் மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடுங்கள்; கருத்தடையும் செய்யுங்கள். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லுங்கள். அன்பும் அறிவும் இணைந்தால், தெருவில் பிறந்த தோழன் வீட்டில் நலமாக வாழ்வான்.