சவ்வரிசிக் காட்டில் சிலுவைகள்

1905-இல் திரு இருதய சபை மறைபோதகர் மெராவ்கேயில் கரையிறங்கினர். இன்று இந்தோனேசியாவின் தென்பாப்புவாவில் அடங்கிய அப்பகுதியின் மாரிந்து மக்களுள் மிகப்பலர் கத்தோலிக்கர். அவர்தம் உணவு சவ்வரிசி. நம் பாயசத்தில் இடும் மரவள்ளிச் சவ்வரிசியன்று அது. பனையினத்து மரமொன்றின் உட்சோற்றை இடித்து, நீரில் பிசைந்து எடுக்கும் மாவு. வனமே அவர்களுக்குக் களஞ்சியம்.

2010-இல் அரசு அங்கே ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேரில் விளைபண்ணைகள் அமைக்க முதலீட்டாளரை அழைத்தது. ஜானேகி என்னும் சிற்றூரில் காடு வீழ்ந்தது. ஊராருக்குத் தொடக்கத்தில் கிடைத்ததோ, மரத்தின் கன மீட்டருக்கு 2,000 ரூபியா. ஒரு வேளை உணவுக்கும் போதாத தொகை. தலைமுறைகளாய் அக்காட்டைக் காத்தவர்களன்றோ அங்கே முதல் இட்டவர்கள் என நாம் வினவுகிறோம்.

2024-இல் நெல்லுக்கும் கரும்புக்குமாக இயந்திரங்கள் மீண்டும் வந்தன. மக்கள் தம் நிலத்தில் சிவப்புப் பூசிய சிலுவைகளை நட்டு மறிக்கின்றனர்.