ரோட்டரி ஹாமர் டிரில்

கான்கிரீட்டிலும் கருங்கல்லிலும் துளையிடும் மின்கருவி. உள்ளே பிஸ்டன் அழுத்தும் காற்று ஒரு சுத்தியலை உந்த, அது சுழலும் பிட்டை ஓயாமல் அடிக்கும். ஆள் முட்டித் தள்ள வேண்டியதில்லை. பாஷ் நிறுவனம் 1932இல் இவ்வகைக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

திருநெல்வேலி வட்டாரக் கான்கிரீட் வீடுகளில் பிளம்பர், ஏசி மெக்கானிக் கைகளில் இக்கருவியைக் காணலாம்.

சுவருக்குள் கம்பியில் பிட் சிக்கினால் கருவி கையை முறுக்கிவிடும். பக்கக் கைப்பிடியை விடக் கூடாது. சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். மின்கசிவுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி காப்பு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிட் மாற்ற வேண்டும். அதன் தண்டைத் துடைத்து, சிறிது கிரீஸ் தடவிச் செருக வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஜோடியாகவே மாற்றுவார்கள்.