கண்டி மேளமும் வட்டகொடைத் தப்பும்

'சிலோன்' என்ற பெயரில் ஒரு ஜெர்மானிய இசை ஆக்கம் உண்டு என்பதை நம்மவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மின்னணு இசையின் முன்னோடிகளுள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் (1928-2007) அதனை 1970ஆம் ஆண்டில் இயற்றினார். 'வருங்காலங்களுக்காக' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் தொகுத்த 17 ஆக்கங்களுள் அதுவும் ஒன்று. அத்தொகுப்பில் இசைக்குறிப்புகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் சொற்களே உள்ளன. கலைஞர்கள் அச்சொற்களை உள்வாங்கித் தம் உள்ளுணர்வின்படி இசைக்க வேண்டும்.

1970களின் நடுப்பகுதியில் கிறிசாலிஸ் நிறுவனம் 'சிலோனை' இசைத்தட்டாக வெளியிட்டது. அதில் கண்டி மேளத்தை வாசித்தவர் ஸ்டாக்ஹவுசனே. எலெக்ட்ரோனியம் என்ற மின்கருவியும், மின்னணு முறையில் ஒலி மாற்றப்பட்ட பியானோவும் அம்மேளத்துடன் இணைந்தன.

கண்டி மேளம் அப்பெருமைக்கு முற்றிலும் உரியதே. ஆயினும் அதே மலைநாட்டில் இன்னொரு தோற்கருவியும் ஒலித்துக்கொண்டிருந்தது. அது தோட்டத் தமிழர்களின் தப்பு. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்ததும், மாசியில் காமன் கூத்துக்கு முழங்கியதும், இறுதி ஊர்வலத்தில் முன்சென்றதும் அதுதான். 'சிலோன்' இயற்றப்பட்ட காலத்தில் அதனை அடித்தவர்களில் பலர் நாட்டை விட்டு வெளியேறக் காத்திருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டியிருந்தது. குடும்பங்கள் பிரிந்தபோது, கூத்துக் குழுக்களும் கலைந்தன.

அம்மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டியவர் வட்டகொடைக்கு அருகில், மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் அவர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அவருக்கு வாக்களித்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர் திரட்டிய பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983இல் சென்னையில் வெளியாயின. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார்.

இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஸ்டாக்ஹவுசன் எழுதிய சொற்களை ஒலியாக்கக் கலைஞர்களும் கருவிகளும் ஒலிப்பதிவுக் கூடமும் இருந்தன. வேலுப்பிள்ளைக்கு வாய்த்தது எழுதுகோல் ஒன்றே. மலையில் ஒலித்தவை அவரது நூலில் சொற்களாக நின்றன. அச்சொற்கள் எந்த மெட்டில் பாடப்பட்டன, தப்பின் அடி எவ்விடத்தில் மாறியது என்பவற்றை அச்சு தாங்க இயலாது.

தோட்டங்களில் தப்பு இன்றும் ஒலிக்கிறது. ஆனால் பழைய அடிகளின் பெயரையும் நுட்பத்தையும் அறிந்தவர்கள் முதியவர்கள். அவர்களுள் சிலர் மலைநாட்டிலும், சிலர் நீலகிரியிலும் இருக்கக்கூடும். உங்கள் குடும்பத்தில் அப்படியொருவர் இருந்தால், கையிலுள்ள தொலைபேசியில் அவரது வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். எந்த அடி எந்தச் சடங்குக்குரியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்காக இனியும் காத்திருக்க வேண்டியதில்லை.