தென்கடலின் பள்ளம்

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்திலே, சுழியோடிகள் கயிற்றில் கட்டிய கனத்த கல்லொன்றில் காலூன்றியே ஆழத்துக்கு இறங்கினார்கள். புவியீர்ப்பு என்ற சொல்லை அறியாமலே அதனை வேலைக்கு அமர்த்தியவர்கள் அவர்கள். அந்த ஈர்ப்பு இல்லையென்று வைத்துக்கொள்வோம். கல் தாழாது. தாழ்வதற்குக் கடலும் இராது. நீரும் காற்றும் பூமியை விட்டு விண்ணிலே கலைந்து போயிருக்கும்.

ஏன் இந்த ஈர்ப்பு? 1687 இல் அதன் கணக்கைத் தந்த நியூட்டன், காரணம் இன்னதெனக் கூறத் துணியவில்லை. திணிவு தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கின்றது, அவ்வளைவே ஈர்ப்பு என்றார் ஐன்ஸ்டைன், 1915 இல்.

ஆனால் ஈர்ப்பு எங்கும் ஒரே அளவினதன்று. என்னைக் கவர்ந்த வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. 1672 இல் ரிஷே என்ற பிரெஞ்சு அறிஞர் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் மணிக்கூடு, பாரிஸில் ஓடியதைவிட நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஈர்ப்புக் குறைந்தால் ஊசல் தாமதிக்கும். நிலத்தில் இதை அளக்கலாம். அலையிலே ஆடும் கப்பலில் எப்படி அளப்பது? ஒல்லாந்தரான வெனிங் மைனஸ், 1923 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஊசல்களோடு ஏறி, அலையின் ஆட்டம் தணிந்த ஆழத்துக்கு இறங்கி அளந்தார். ஆறரை அடி உயரமான அந்த மனிதர் அக்குறுகிய அறைகளில் எப்படித்தான் முடங்கிக் கிடந்தாரோ! 1658 இல் மன்னார்க் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; இவரை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்புக் குன்றிய பெரும் பரப்பொன்று உண்டென்பது 1948 இல் அவராலேயே வெளிப்பட்டது. காற்றும் அலையும் அடங்கிய கடல்மட்டம் அங்கே, கணிதப்படி இருக்கவேண்டிய மட்டத்திலும் 106 மீற்றர் தாழ்ந்துள்ளது. உலகில் வேறெங்கும் இத்துணைத் தாழ்வு இல்லை. நமது மன்னார்க் கடலும் அப்பள்ளத்தின் சரிவிலேதான் கிடக்கிறது. ஆயினும் நீர் அங்கே ஓடி விழுவதில்லை. 'கீழ்' எது என்பதைத் தீர்மானிப்பதே ஈர்ப்பாதலால், கப்பலோட்டிக்கு அது சமதளமே. இதனைத் 'துளை' என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்கு உடன்பாடன்று.

சிலப்பதிகாரம் சொல்லும் கடல்கொண்ட குமரிக்கோட்டை இப்பள்ளத்தோடு முடிச்சிட நம்மவர்க்கு ஆசை எழலாம். தமிழாசிரியனாகிய எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை, ஆனால் பொருந்தாது. இங்கே தாழ்ந்திருப்பது நிலமன்று, நீர்மட்டம்.

காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 14 கோடி ஆண்டுப் புவி வரலாற்றைக் கணினியிலே மீட்டுப் பார்த்து, 2023 இல் ஒரு விளக்கம் தந்தனர். இந்தியா வடக்கே நகர்ந்தபோது, தெதிஸ் என்னும் பழங்கடலின் அடித்தளம் பூமிக்குள் அமிழ்ந்தது. அது ஆபிரிக்காவின் அடியாழத்திலிருந்த சூடான, பாரங்குறைந்த பாறைப்பொருளைக் கலைத்து, இந்துசமுத்திரத்தின் அடிக்கு எழச் செய்தது. பாரங்குறைந்த இடத்தில் ஈர்ப்பும் குறைந்தது. பள்ளம் இன்றைய வடிவை எய்தியது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் கணிப்பு. இதனை ஏற்கத் தயங்குவோரும் உளர். அப்பாறைப்பொருள் அங்கே உண்டென்பதற்கு நிலநடுக்க அலைகளின் சாட்சியத்தை அவர்கள் கேட்கிறார்கள்.